மறுமொழி பெறாத மடல்: காந்தியும் மார்ட்டின் பூபரும்

1938 நவம்பர் 26ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் யூதர்களைப் பற்றிக் காந்தி ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனியில் யூதத் தொழுகைக்கூடங்கள் தீக்கிரையாகி அப்போது இரண்டு வாரங்களே கடந்திருந்தன. யூதர்கள்பால் தமக்குள்ள பரிவை மறைக்காமலேயே அவர் இரு கருத்துகளை முன்வைத்தார். ஜெர்மானிய யூதர்கள் பிறந்த மண்ணிலேயே நின்று சத்தியாக்கிரகம் செய்யவேண்டும் என்பது ஒன்று. இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு எப்படியோ, பாலஸ்தீனம் அரேபியருக்கு அப்படி என்பது மற்றொன்று.

அவ்வாண்டுதான் ஜெர்மனியை விட்டு ஜெருசலேமுக்குக் குடிபெயர்ந்திருந்த மார்ட்டின் பூபரை இக்கட்டுரை உலுக்கிவிட்டது. 1878இல் வியன்னாவில் பிறந்து, லெம்பெர்க் நகரில் மறைநூல் உரைகளில் பெரும்புலமை பெற்ற தாத்தாவிடம் வளர்ந்தவர் பூபர். ஹசிதிய ஞானியரின் கதைகளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர். காந்தியைப் போற்றி முன்னரே கட்டுரை எழுதியவரும்கூட. 1939 பிப்ரவரி 24 தேதியிட்ட மடலை அவர் ஒரே மூச்சில் எழுதிவிடவில்லை. தன் இனத்தின் கூட்டுத் தன்னலம் தன் எழுத்தில் புகுந்துவிட்டதோ என்று அடிக்கடி நிறுத்திச் சோதித்தபடியே எழுதியதாக அம்மடலிலேயே குறிப்பிடுகிறார். அரசியல் விவாதத்தில் இறங்குவோர் இப்படித் தம்மையே ஐயுறுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

தென்னாப்பிரிக்காவை ஜெர்மனியோடு ஒப்பிட்டதே காந்தியின் பிழை என்பது பூபரின் முதல் வாதம். தென்னாப்பிரிக்க இந்தியரின் அறப்போரில் நம் தமிழ்த் தொழிலாளர் சிறைகளை நிரப்பிய வரலாறு நாம் அறிந்ததே. அவர்களுக்குப் பின்னால் இந்தியா என்ற பெருநிலம் இருந்தது. அவர்கள் பட்ட துன்பத்தைப் பார்க்க உலகின் கண்களும் இருந்தன. வதைமுகாமில் மடியும் யூதனுக்கு இவ்விரண்டும் இல்லை. அறப்போர் என்பது சான்று பகர்தல். காண்பார் இல்லாத இடத்தில் அச்சான்று காற்றில் எறியப்பட்ட உயிர்த்தியாகம் ஆகிவிடும் என்கிறார் பூபர். வன்முறையை அவர் விரும்பியவர் அல்லர். தீமை நன்மையை அழிப்பதைத் தடுக்க வேறு வழியே இல்லையெனில் வலிமையைக் கையாண்டு தன்னை இறைவன் கையில் ஒப்படைப்பேன் என்ற அளவில் நின்றுகொள்கிறார். அதற்குப் பின் வந்த ஆண்டுகள் இப்பகுதியில் பூபர் பக்கமே நின்றன என்று சொல்லத்தான் வேண்டும்.

நிலம் பற்றிய பகுதி அவ்வளவு எளிதன்று. நிலம் என்னுடையது, நீங்கள் அதில் வந்து தங்கியவர்களே என்று இறைவன் கூறுவதாகத் தோராவில் வருகிறது. இம்மரபில் நின்றே பூபர் பேசுகிறார்: எந்த நிலமும் எந்த இனத்துக்கும் நிலைத்த உடைமை அன்று, இறைவன் கடனாகத் தந்துவிட்டு, பெற்றவன் அதில் என்ன செய்கிறான் என்று காத்திருக்கிறான். கேட்பதற்கு அரிய சொல்தான். ஆனால் தலைமுறைகளாக ஒலிவ மரம் வளர்த்து வாழும் பாலஸ்தீன உழவனின் செவியில் இது எவ்வாறு ஒலித்திருக்கும்? அரேபியர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளிலும் நாங்கள் ஐம்பது ஆண்டுகளிலும் என்ன செய்தோம் என்று அந்த மண்ணையே கேளுங்கள் என்றும் பூபர் எழுதுகிறார். மண்ணைப் பண்படுத்தியவனுக்கே மண் என்பது காலனியாட்சியாளர் எங்கும் சொல்லிவந்த வாதம். நுண்ணிய அறவுணர்வு கொண்ட அம்மடலில் நம்மை நெருடும் இடம் இதுவே.

ஆயினும் நிலம் நிபந்தனைக்குட்பட்ட கடன் என்ற கொள்கையைப் பூபர் தம் மக்களை நோக்கியும் திருப்பினார். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தவனே என்ற கட்டளை தோராவில் முப்பத்தாறு இடங்களில் வருவதாகத் தால்மூத் எண்ணிச் சொல்கிறது. பூபருக்கு அது வெறும் வழிபாட்டு வாசகமன்று, அரசியல் விதி. 1925இல் தோன்றிய 'பிரித் ஷாலோம்' அமைப்பிலும், 1942இல் யூதா மாக்னஸுடன் சேர்ந்து நிறுவிய 'இஹுத்' அமைப்பிலும் அவர் வேண்டியது இரு இனங்களும் சம உரிமையோடு வாழும் ஒரே நாட்டை. 1947 நவம்பர் 29இல் ஐ.நா. அவை பிரிவினைக்கு வாக்களித்தபோது அக்கனவு தோற்றது. தம் மக்களிடையே அவர் சிறுபான்மையரிலும் சிறுபான்மையர் ஆனார். இஸ்ரேல் பிறந்த பின்னும் அகதிகளுக்காகவும், அரேபியக் குடிமக்கள்மீது 1966 வரை நீடித்த இராணுவ நிர்வாகத்தை எதிர்த்தும் தாம் வாழ்ந்த நாள்வரை பேசினார். 1962இல் ஐக்மானைத் தூக்கிலிடலாகாது என்று பிரதமர் பென் குரியனிடம் நேரில் வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

காந்தியிடமிருந்து மறுமொழி வரவேயில்லை. ஹீப்ரு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த மாக்னஸ் எழுதிய மடலுக்கும் அதே கதிதான். இரண்டும் அதே ஆண்டு ஜெருசலேமில் சிறு நூலாக வெளிவந்தன.

பூபரின் குரலைச் செவிமடுத்த ஆட்சியாளர் எதிர்பாராத இடத்தில் இருந்தார். ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட் ஜெருசலேமில் பூபரைச் சந்தித்தவர். நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர். 1923இல் வெளியான பூபரின் 'நான்–நீ' நூலை அவர் சுவீடிஷ் மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். அந்த 'நீ' கடவுளையும் காதலியையும் குழந்தையையும் ஒருசேர விளிக்கும் ஜெர்மானியச் சொல். அதற்கு ஆங்கிலேயர் வழக்கொழிந்த பழஞ்சொல்லைத் தேடிப்போக வேண்டியிருந்தது. ஆழ்வாரும் நாயன்மாரும் இறைவனை விளித்த அதே 'நீ' நம்மிடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பகைவனையும் 'அது' ஆக்காமல் 'நீ' என்று எதிர்கொள்ளல் என்பது பனிப்போர்க் காலத் தூதுவர் ஒருவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1961 செப்டம்பரில், காங்கோ நெருக்கடியில் போர்நிறுத்தம் பேசச் சென்ற வழியில், இன்றைய சாம்பியாவில் உள்ள இந்தோலா அருகே ஹாமர்ஷெல்டின் விமானம் வீழ்ந்தது. மொழிபெயர்ப்பு தொடக்கப் பக்கங்களிலேயே நின்றுபோயிற்று.