எதிரே வருபவரின் கண்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்துச் சாலைகளுக்கு இரவிலும் உறக்கமில்லை. அருவிக்குச் செல்லும் வண்டிகள் ஒருபுறம். செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறும் சரக்கு லாரிகள் மறுபுறம். அருவியின் நீர்த்திவலையில் கதிரவனுடைய தேர்க்காலே வழுக்குவதாகக் குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் கற்பனை செய்தார். கதிரவனுக்கே அந்நிலை என்றால், இரண்டு பல்புகளை நம்பி அதே ஈரத்தில் வண்டி ஓட்டும் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என் பழைய காரின் ஹாலஜன் விளக்கு மங்கல் என்று சலித்து, எச்.ஐ.டி. பல்புகளை வாங்கி மாட்டினேன். அன்றிரவு புளியரையிலிருந்து திரும்புகையில் சாலை வெள்ளை வேட்டியாய் விரிந்தது, பெருமையாகவும் இருந்தது. எதிரே மொபெட்டில் சிறுவன் ஒருவனை முன்னால் நிறுத்தி வந்த பெரியவர், தடுமாறிச் சாலையோர மண்ணில் இறங்கிச் சாய்ந்தார். நல்லவேளையாக அடி ஏதுமில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். “டிம் அடிக்கக் கூடாதா சார்? ரோடே தெரியலயே!” என்றார். நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். அந்த முரண்தான் முகப்பு விளக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

தொடக்ககாலக் கார்களில் எண்ணெய் விளக்குகளும், கார்பைடு கல்லின்மேல் நீர் சொட்டிப் பிறக்கும் அசிட்டிலின் வாயுவில் எரியும் விளக்குகளும் இருந்தன. 1912இல் காடிலாக் நிறுவனம் மின் ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் சேர்த்து அளித்தபின் வாயுவிளக்கு மெல்ல மறைந்தது. வெளிச்சம் கூடியதும் எதிரே வருபவரின் கண் கூசுவது சிக்கலாயிற்று. 1920களில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் வந்தன: ஒன்று தொலைவுக்கு, மற்றது டிம்முக்கு.

அடுத்த மாற்றம் ஹாலஜன். சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் கரியாய்ப் படியும். ஹாலஜன் வாயுவோ அந்த டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். 1959இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1962இல் ஐரோப்பியக் கார்களில் ஏறியது. 1971இல் வந்த எச்4 வகை நம் நாட்டிலும் பரவலாயிற்று. அதன் டிம் இழைக்கு அடியில் சிறு உலோகக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால், பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கித் தாழ்கிறது. எதிராளியின் கண்ணைக் காப்பது அந்தக் கிண்ணமும், இழை நிற்கும் இடத்தின் துல்லியமுமே.

எச்.ஐ.டி.யில் இழையே கிடையாது. செனான் நிறைந்த குழலுக்குள், ஏறத்தாழ 20,000 வோல்ட் அழுத்தத்தில் மின்வில் மூட்டப்படுகிறது. 55 வாட் ஹாலஜன் டிம் ஏறத்தாழ 1,000 லூமென் தரும்; 35 வாட் எச்.ஐ.டி. ஏறத்தாழ 3,200 தரும். மின்சாரம் குறைவு, ஒளி மும்மடங்கு, ஆயுளும் அதிகம். ஆனால் 1991இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் கார்களில் இது அறிமுகமானபோது, இதற்கென்றே வடிவமைத்த விளக்கில்தான் வந்தது. ஐரோப்பிய விதிகள், சுமைக்கேற்பத் தானே தாழும் அமைப்பையும் கண்ணாடியைக் கழுவும் நீர்ப்பீச்சியையும் இதற்குக் கட்டாயமாக்கின. சேறு படிந்த கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கும் அல்லவா?

நான் வாங்கியதோ பல்பும் பாலஸ்டும் மட்டுமே. ஹாலஜன் இழைக்காக வளைத்த பிரதிபலிப்பானில், வேறு வடிவமும் வேறு செறிவும் கொண்ட மின்வில்லை நுழைத்தேன். ஒளி மேலேயும் பக்கவாட்டிலும் சிதறியது. நான் டிம் போட்டும் பெரியவருக்கு அது டிம் ஆகவில்லை. போதாக்குறைக்கு 8,000 கெல்வின் நீலத்தைத் தேர்ந்திருந்தேன். நீலம் கூடக்கூடப் பயன்தரும் ஒளி குறையும். கண்கூச்சம் மட்டும் கூடும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு மனிதக் கண்ணை நிறுத்துகிறது. அந்தக் கண் கூசாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. சட்டமொழியில் இவ்வளவு கருணையை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுவாரமே எச்.ஐ.டி.யைக் கழற்றினேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன் சோதித்தபோது ஹாலஜன்மீது குற்றமில்லை என்று தெரிந்தது. துருவேறிய எர்த் இணைப்பு, நேராக வராத மின்னழுத்தம், மஞ்சள் படிந்த பிளாஸ்டிக் முகப்பு ஆகிய மூன்றுமே காரணம். ரிலே வைத்து வயரை மாற்றி, முகப்பை மெருகேற்றி, விளக்கின் சாய்வைச் சுவரில் ஒளிபாய்ச்சிச் சரிசெய்ததும் சாலை தெளிந்தது.

இன்று கடைகளில் எச்.ஐ.டி.யின் இடத்தை எல்இடி பல்புகள் பெருமளவு பிடித்துவிட்டன. ஹாலஜன் கூட்டுக்குள் அவற்றைச் செருகினாலும் இதே கேள்விதான் எழும். பல்பு மாற்ற நினைக்கும் நண்பர்கள், மாட்டியபின் ஒருமுறை இறங்கித் தம் வண்டிக்கு எட்டு மீட்டர் முன்னால் நின்று பாருங்கள். அந்தப் பெரியவர் நின்ற இடம் அதுதான்.