இ காணாமல் போன கதை: ஓர் அப்கிரேடு முடிவும் முப்பது வருடத் தமிழ்க் கோப்புகளும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே என் பழைய மடிக்கணினி எனக்கு நோட்டீஸ் விட்டுக்கொண்டிருந்தது. "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்பதுதான் அதன் சாரம். டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டுமாம். என்னுடையது விண்டோஸ் 7 காலத்துப் பெட்டி. 2015-இல் 10-ஐ இலவசமாகக் கொடுத்தபோது வாங்கிப் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

"பத்து வருஷம் உழைச்சிருக்கு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குப்பா" என்றார்கள் வீட்டில். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் பெரியப்பா தட்டச்சு செய்த 140 கோப்புகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் மென்பொருள் விண்டோஸ் 3.1 காலத்தது, 16 பிட். 32 பிட் விண்டோஸ் 10-இல் அது இன்னும் திறக்கிறது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடாது. ஆக அப்கிரேடு செய்தால் கோப்பு இருக்கும், படிக்க முடியாது.

இதே மாதிரி ஒரு முடிவை 2004-லும் எடுத்தேன். அப்போது ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பைப் புரிந்துகொள்ள, தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிக் குடியேறியது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கால், அரை, முக்கால்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் மொத்தம் 256 இடம். முதல் 128-இல் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் உட்கார்ந்துவிட்டன. மேல் பாதியில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துகள், பின்னக்குறிகள், நாணயக்குறிகள்.

தமிழுக்கென்று இடம் யாரும் ஒதுக்கித் தரவில்லை. அதனால் நம் ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, எழுத்துருவில் படத்தை மட்டும் மாற்றினார்கள். கணினி அதை ஐரோப்பிய எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும், திரையில் நமக்குத் தமிழ் தெரியும். சுவிட்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம் கொடுத்த மயிலை, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி, தமிழக அரசு அலுவலகங்களில் வானவில் என்று ஆளுக்கொரு ஏற்பாடு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் குப்பை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1990-களின் கடைசியில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறியீடுகளையும், தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஒன்றுக்குப் பதில் மூன்றாச்சு!

திஸ்கியில் எனக்குப் பிடித்த ஒரு தற்செயல் உண்டு. எழுத்துரு இல்லாத கணினியில் திஸ்கிக் கோப்பைத் திறந்தால் 'ட' இருக்கும் இடத்தில் கால் என்ற பின்னக்குறி வரும், 'ண' அரை, 'த' முக்கால். 'தமிழ்' என்ற சொல்லே முக்காலில்தான் ஆரம்பிக்கும். 'ந' தலைகீழான கேள்விக்குறி. அந்தக் காலத்தில் மின்னஞ்சலில் முக்கால் குறியைப் பார்த்தவுடனே "ஓ, திஸ்கி" என்று சொல்லிவிடுவோம்.

இ எங்கே போச்சு?

திஸ்கியில் அ 171, ஆ 172 என்று வரிசையாக வரும். அந்தக் கணக்கில் இ 173-இல் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் இருந்தது. பிரச்சினை என்னவென்றால், ஐரோப்பியப் பட்டியலில் 173 என்பது வரி ஒடியும் இடத்தில் மட்டும் தலைகாட்டும் மறைவான இணைப்புக்கோடு. எழுத்துருவில் நீங்கள் என்ன படம் வரைந்து வைத்திருந்தாலும், சில நிரல்கள் "இது இணைப்புக்கோடு, காட்டத் தேவையில்லை" என்று விழுங்கிவிடும். 'இந்த' என்று எழுதினால் 'ந்த' என்று வரும். கடைசியில் இ-யைத் தூக்கி 254-இல் வைத்தார்கள். உயிரெழுத்து வரிசையில் ஆ-வுக்கும் ஈ-க்கும் நடுவில் ஒரு ஓட்டை. இ மட்டும் ஊர்க்கோடியில் தனிக்குடித்தனம்.

வேடிக்கையாக இருந்தாலும் முழுச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு வீட்டுக்காரர் எப்போது சுவரை இடிப்பார் என்று தெரியாது. இயங்குதளமோ உலாவியோ அடுத்த பதிப்பில் ஒரு எண்ணைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பார்க்க ஆரம்பித்தால் போதும், நம் எழுத்தில் ஒன்று போய்விடும்.

பாமினிக்கு இந்தத் தொல்லை குறைவு. அது விசைப்பலகையில் உள்ள ஆங்கில எழுத்துகளின் மேலேயே தட்டச்சுப் பொறி வரிசையில் தமிழை ஏற்றியது. எழுத்துரு இல்லாவிட்டால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். பார்க்க அசிங்கம், ஆனால் அந்த ஐந்து எண்களையும் எந்த இயங்குதளமும் கலைக்காது. பாமினிக் கோப்புகள் இன்றும் சுலபமாக மீள்வதற்கு அதுதான் காரணம்.

98-இல் இருப்பதா, எக்ஸ்பிக்குப் போவதா

யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 128 இடங்கள் கொண்ட தனிக் கட்டம், நமக்கே நமக்கு. ஆனால் இடம் கிடைத்ததற்கும் குடி போனதற்கும் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி. ஏன்?

யுனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைத்து, நடுவில் க-வை உட்கார வைப்பது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் 98-க்கு உள்ளுக்குள் யுனிகோடு பழக்கமில்லை. அதன் நோட்பேடில் யுனிகோடு கிடையாது. உலாவியின் புதிய பதிப்போடு வந்த ஒரு நிரல்கோப்பைப் பிடித்துக்கொண்டு வலைப்பக்கத்தை மட்டும் ஓரளவு படிக்கலாம். சரியாக அமையாத கணினியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-இல்தான் தமிழுக்கு லதா என்ற எழுத்துருவும் முறையான ஆதரவும் வந்தன. 2001 அக்டோபரில் எக்ஸ்பி. அதிலும் கன்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்பி குறுவட்டைப் போட வேண்டும். பிரவுசிங் சென்டரில் போய்க் குறுவட்டு கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எதையும் நிறுவாமலே தமிழ் தெரிந்தது 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில்தான்.

என்னிடம் இருந்தது 64 எம்பி நினைவகம் கொண்ட விண்டோஸ் 98 பெட்டி. எக்ஸ்பிக்கு 64 எம்பி போதும் என்று எழுதியிருப்பார்கள், பரிந்துரை என்னவோ 128. இந்தப் பக்கம் பார்த்தால், ஓடுகிற வண்டியை ஏன் கெடுப்பானேன் என்ற எண்ணம். அந்தப் பக்கம் 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா ஆரம்பமாகிறது, 2004-இல் தமிழ்மணம் வருகிறது, இ-கலப்பை போட்டுக்கொண்டு எல்லாரும் யுனிகோடில் எழுதுகிறார்கள். நான் மட்டும் திஸ்கியில் எழுதி, சுரதாவின் பொங்குதமிழ் செயலியில் மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்வாதங்களும் வலுவாகவே இருந்தன. 'தமிழ்' என்ற சொல் திஸ்கியில் 4 பைட், யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் 15 பைட். ஃப்ளாப்பியிலும் டயல்-அப்பிலும் காலம் தள்ளியவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. க் என்ற மெய்க்கு ஏன் தனி இடம் இல்லை என்ற கோபம் வேறு. அச்சகக்காரர்களுக்கோ பேஜ்மேக்கர்தான் உலகம். அது கடைசிப் பதிப்பு வரைக்கும் யுனிகோடை அறியாது. எழுத்துருத் தொகுப்போடு பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டும் வரும், புதுக் கணினியில் அந்தப் போர்ட்டே இருக்காது. பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழுதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுடைய சோறு அதில் இருந்தது.

கடைசியில் 64 எம்பி கூடுதலாக வாங்கிப் போட்டு எக்ஸ்பிக்கு மாறினேன். கடைக்காரப் பையன் "டேட்டா எடுத்தாச்சா சார்?" என்று கேட்டான். எடுத்தாச்சு என்றேன். அவன் வட்டை அழித்துப் புதிதாக நிறுவினான். கோப்புகளை எடுத்து வைத்திருந்தேன், எழுத்துருவை எடுத்து வைக்கவில்லை! ஏதோ ஒரு பத்திரிகையோடு வந்த இலவசக் குறுவட்டிலிருந்து நிறுவிய எழுத்துரு அது. பெயரும் நினைவில்லை. கல்லூரிக் காலத்தில் நான் எழுதிய ஒன்பது கட்டுரைகள் குறிகளின் குவியலாக நின்றன. பையன் மேல் தப்பில்லை, கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்.

நல்ல வேளையாக, அதில் ஒரு கட்டுரை அச்சில் வந்திருந்தது. அச்சுப் பிரதியை ஒரு பக்கமும் குறிக்குவியலை ஒரு பக்கமும் வைத்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டு வாரம் ஆனது. அந்த ஒரு தாள் இல்லையென்றால் ஒன்பதும் போயிருக்கும்.

பெரியப்பாவின் 140

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்ப் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து கேட்ட ஒப்பாரியையும் தாலாட்டையும் 1996 வாக்கில் ஒரு 486 கணினியில் தட்டச்சு செய்தார். "தம்பி, பாடினவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க" என்பார். இப்போது அவரும் இல்லை. பாடியவர்களில் யாரும் மிச்சமில்லை.

அந்தப் பழைய நிரல் எக்ஸ்பியில் ஓடியது, 7-இல் ஓடியது, 10-இலும் ஓடியது. ஒவ்வொரு முறையும் "அதான் திறக்குதே, அப்புறம் மாத்திக்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். இருபது வருடத்தில் மாற்றியது 60 கோப்பு. மாற்றுவதும் அவ்வளவு லேசில்லை. தட்டச்சுப் பொறியில் பழகிய கை பெரியப்பாவுடையது. ர-வுக்குப் பதில் கால் போட்டுவிடுவார். திரையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். மாற்றியில் போட்டால் 'மரம்' 'மாம்' ஆகிவிடும். எது ர, எது கால் என்று சூழலைப் பார்த்து ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒப்பாரியில் வட்டாரச் சொல் அதிகம், அகராதி உதவாது. எனக்குத் தெரியாத சொல்லை அம்மாவிடம் கேட்கிறேன். அம்மாவுக்கு 78 வயது.

மெய்நிகர் கணினியில் பழைய விண்டோஸை நிறுவி, நிரலை அதில் வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்யலாம், செய்தும் வைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் தள்ளிப்போடுவதற்கு இன்னொரு வசதிதான்.

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யுனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. யுனிகோடில் இருக்கிற தமிழுக்கு இனி இயங்குதளம் மாறினால் பயமில்லை. விண்டோஸ், லினக்ஸ், கைபேசி எதில் திறந்தாலும் அதே எண், அதே எழுத்து. பயமெல்லாம் இன்னும் அந்தப் பக்கம் வராத கோப்புகளுக்குத்தான்.

ஆகவே என் முடிவு இது. அன்றாட வேலைக்கு வேறு கணினி வாங்கிவிட்டேன். பழைய மடிக்கணினியை அப்கிரேடு செய்யவில்லை. பாதுகாப்பு இணைப்புகள் வராத பெட்டி என்பதால் வைஃபையை அணைத்துவிட்டேன், கோப்பு போவதும் வருவதும் பென் டிரைவில் மட்டும். பெரியப்பாவின் எழுத்துருவையும் நிரலையும் மூன்று இடத்தில் நகல் எடுத்தாயிற்று. ஒவ்வொரு கோப்பையும் பழைய நிரலிலேயே தாளில் அச்செடுத்துவிட்டேன், 2004 கற்றுக்கொடுத்த பாடம்.

மீதி 80. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு உட்கார்ந்து இரண்டு கோப்பு என்று கணக்கு. நாற்பது ஞாயிறு. போன வாரம் ஒரு தாலாட்டில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன், அது ர-வா காலா என்று தெரியவில்லை. வாசித்துக் காட்டியதும் அம்மா திருத்தவில்லை, பாடினார்.