சிப் வந்தாச்சு, கம்பைலர் எங்கே?

2018 ஜூலையில் சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசசர் பற்றி நிறைய செய்தி வந்தது ஞாபகம் இருக்கிறதா? இங்கே வடிவமைத்து, அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 300 சிப்கள் செய்து, லினக்ஸும் ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சிப்புக்கு எதை வைத்துப் புரோகிராம் எழுதினார்கள் என்பது மட்டும் நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை. நான் பி.காம். கணக்கில் வராத செலவு எங்கே என்று தேடுவது எங்கள் படிப்பின் வியாதி :-)

ஏலகிரியை விட்டு இறங்கி ஆம்பூர் போனால் ஷூ கம்பெனிகள். ஐரோப்பியக் காலுக்கு ஷூ தைக்கிறார்கள், ஆனால் அந்தக் கால் இங்கே இல்லை. கால் வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும் (லாஸ்ட் என்பார்கள்), அதன்மேல் ஏற்றித்தான் வேலை. கிராஸ் கம்பைலரும் அப்படித்தான். அது ஓடுவது நம் கம்ப்யூட்டரில், அது தயாரிக்கும் புரோகிராம் ஓடுவது வேறு சிப்பில். பில்டு சிஸ்டம் என்பது எந்தத் துண்டை எப்போது, எந்த அச்சில் தைக்கணும் என்று சொல்லும் சூப்பர்வைசர்.

அந்த சூப்பர்வைசருக்கு வயசு அதிகம். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' எழுதினார். காரணம் சின்னது. அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுக்கத் தப்பே இல்லாத புரோகிராமில் தப்பைத் தேடியிருக்கிறார். தப்பை ஏற்கனவே திருத்தியாச்சு, மறுபடி கம்பைல் பண்ணத்தான் மறந்துபோச்சு! மேக்கில் வரி ஆரம்பத்தில் டேப் வைத்தே ஆகணும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். அது சரியில்லை என்று ஃபெல்ட்மேனுக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று விட்டுவிட்டார். உலகமே இன்னும் அந்த டேப்பை அடித்துக்கொண்டிருக்கிறது.

நம் கல்லூரி லேப்களில் ரொம்ப நாள் 8051தான் ராஜா. அதற்குக் கைல் கம்பைலர். காசு கொடுக்காத பதிப்பில் 2 கிலோபைட்டுக்கு மேல் புரோகிராம் போகாது. சிப் மலிவு, கருவிக்குத்தான் விலை.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இலவசமாக வெளியிட்ட ஜிசிசி இதை மாற்றியது. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்புக்கு ஜிசிசி 2017இல், 7ஆம் பதிப்பில், அதிகாரபூர்வமாக இடம் கொடுத்தது. ஆக சக்தி குழுவினர் கம்பைலரை அடியிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. அது பெரிய மிச்சம்.

ஆனால் வேலை முடியவில்லை. இந்த போர்டு 32 பிட்டா 64 பிட்டா, எந்தெந்தக் கட்டளைகள் தெரியும், நினைவகம் எந்த முகவரியில் ஆரம்பிக்கிறது, மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நாலு வரி எது, போர்டுக்குள் எப்படி ஏற்றுவது... இத்தனையும் பில்டு சிஸ்டத்துக்கு யாராவது சொல்லியாகணும். ஒன்று தப்பினால் கம்பைலர் சந்தோஷமாக முடித்துவிடும், போர்டு பேசாமல் நிற்கும். சக்தி குழு இதையெல்லாம் மேக் கோப்புகளாகச் செய்து தந்தது. போர்டு பெயரையும் புரோகிராம் பெயரையும் கொடுத்தால் போதும். பிறகு பிளாட்ஃபார்ம்ஐஓவிலும் சக்தி சேர்ந்தது. அங்கே மேக் கிடையாது, பைத்தானில் எழுதிய எஸ்கான்ஸ். அதனால் அதே விவரங்களை அதன் பாஷையில் திரும்பச் சொல்லணும். இந்த வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் ஒரு மாணவன் அன்று சாயங்காலமே எல்இடி எரிய வைப்பானா, போர்டைப் பெட்டியில் திரும்ப வைப்பானா என்பது இதில்தான் இருக்கிறது.

2025 மார்ச்சில் இஸ்ரோ இரண்டு சிப்களை வெளியிட்டது. கல்பனா 3201 உலகம் அறிந்த ஸ்பார்க் கட்டளைகளைப் பேசும், அதனால் இலவசக் கருவிகளே அதற்குப் பொருந்தும். ராக்கெட்டுக்கான விக்ரம் 3201க்குச் சொந்தக் கட்டளைத் தொகுப்பு. அதற்கு ஏடா கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் இஸ்ரோவே உட்கார்ந்து எழுதியிருக்கிறது. சி கம்பைலர்? சிப்பைக் கையில் வாங்கிய அந்த நாளில் அது இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது.