விரயமும் கையிருப்பும்: மெலிவு உற்பத்தி முறை வன்னியை அடைந்த வரலாறு

வன்னிப் பெருநிலப்பரப்பின் பொருளியல் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குளத்தையும் காட்டையும் குடியேற்றத் திட்டங்களையுமே நோக்கியுள்ளனர். அது இயல்பே. இப்பிரதேசத்தின் நவீன கைத்தொழிலுக்கு நீண்டகாலம் முதன்மைச் சான்றாய் நின்றது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையாகும். ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த அவ்வாலை, 1980களின் நடுப்பகுதியில் போர்ச் சூழலில் நின்றுபோயிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் வந்தவை வேறு வகையின. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். குழுமத்தின் ‘விடியல்’, ‘வானவில்’, வவுனியாவில் இத்தாலியக் கல்செடோனியா குழுமத்தைச் சேர்ந்த ஒமேகா லைன் என்பன ஆடைத் தொழிற்சாலைகள். துணியும் நூலும் வெளியிலிருந்து வருகின்றன. தைத்த ஆடை வெளியே செல்கின்றது. இம்மண்ணிலிருந்து பெறப்படுவது உழைப்பு மட்டுமே. அதிலும் பெரும்பங்கு இளம் பெண்களின் உழைப்பு. (முற்போக்குக் கவிதை தலைமுறைகளாகப் போற்றிவந்த ‘விடியல்’ என்ற சொல் தொழிற்சாலைப் பெயர்ப்பலகையைச் சென்றடைந்தமை இலக்கிய மாணவர் கவனத்துக்குரியது.)

இன்றைய ஆடைத் தொழிலின் முகாமைத்துவக் கோட்பாடாக விளங்குவது ‘மெலிவு உற்பத்தி’ எனப்படுவதாகும். வாங்குவோன் விலை கொடுக்க விரும்பாத எதுவும் ‘முடா’, அதாவது விரயம். காத்திருத்தல், தேவையற்ற அசைவு, தேங்கிய கையிருப்பு யாவும் அதில் அடங்கும். அவ்விரயத்தைத் தொழிலாளரே நாள்தோறும் கண்டு களைவது ‘கைசென்’, அதாவது தொடர்ச்சியான மேம்பாடு. இக்கோட்பாட்டை வெறும் நுட்பமாகக் கொள்வோர் அதன் பிறப்பை மறந்துவிடுகின்றனர்.

அதன் மூலம் நெசவாலையில் உள்ளது. சகிச்சி ரொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றது. ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனிப்பது அதனால் சாத்தியமாயிற்று. அக்குடும்பத்தின் நெசவாலையில் 1932இல் சேர்ந்த தைச்சி ஓனோ, 1943இல் மோட்டார் நிறுவனத்துக்கு மாறினார். 1940களின் பிற்பகுதியில் அவர் அதே தத்துவத்தை இயந்திரப் பட்டறையிற் புகுத்தினார். ஒருவர் ஓர் இயந்திரம் என்றிருந்த கைவினைஞர் இதனை விரும்பவில்லை.

அடுத்து நிகழ்ந்ததே எமது ஆய்வுக்கு முக்கியமானது. 1950இல் நெருக்கடிக்குள்ளான ரொயோட்டா, 1,600 பேரை விலக்கும் திட்டத்தை முன்வைத்தது. தொழிற்சங்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரை போராடித் தோற்றது. தலைவர் கீச்சிரோ ரொயோடாவும் பதவி துறந்தார். அதே ஜூனில் வெடித்த கொரியப் போர் அமெரிக்க இராணுவத்தின் லொறிக் கட்டளைகளைக் கொண்டுவந்தது. ஆட்களைப் பெருக்காமலே உற்பத்தியைப் பெருக்க வேண்டியதாயிற்று. 1953இல் நிசான் தொழிலாளரும் முறியடிக்கப்பட, மறு ஆண்டு யப்பானிய மோட்டார்த் தொழிலாளரின் பொதுச் சங்கம் கலைந்தது. எனவே விரயம் ஒழிக்கப்படுமுன் எதிர்ப்பு ஒழிக்கப்பட்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ரொயோட்டாவிற் பருவத் தொழிலாளியாக வேலைசெய்த எழுத்தாளர் சதோஷி கமாதா 1973இல் வெளியிட்ட நூல், அத்தொழிற்சாலையை நம்பிக்கையிழப்பின் ஆலையெனப் பெயரிலேயே சுட்டியது. ஓனோவின் நூல் அதற்கு ஐந்தாண்டுகள் பின்னர், 1978இல் வெளிவந்தது. உலக முகாமைத்துவக் கல்லூரிகள் படித்தது ஓனோவையே.

இலங்கையின் திறந்த பொருளாதாரம் 1977இல் தொடங்கி, மறு ஆண்டு கட்டுநாயக்க வலயம் திறக்கப்பட்டது. ஆடை ஏற்றுமதியை நெடுங்காலம் காத்தவை நாடுகளுக்கான பங்கீடுகள். 2005 ஜனவரியில் அவை நீங்கியதும், சீனாவோடும் வங்காளதேசத்தோடும் போட்டியிட வேண்டிய பெரு நிறுவனங்கள் ரொயோட்டா முறையை நாடின. எம்.ஏ.எஸ். அதனைத் தழுவித் தனக்கென ஒரு செயன்முறை வகுத்தது. தறியிற் பிறந்த கருத்து காரைச் சுற்றிவந்து மீண்டும் துணியிடம் சேர்ந்தது.

போருக்குப் பிந்திய வன்னி இம்முறைக்கு ஏற்ற களமாயிற்று. நிலமும் கால்நடையும் சேமிப்பும் இழந்த குடும்பங்கள். ஆண் துணையிழந்த பெண்கள். இராணுவக் கண்காணிப்பினிடையே முடங்கிய பொதுவாழ்வு. 1950இல் கொரோமோ நகரத் தொழிலாளர் தோல்வியோடு வன்னியின் பேரழிவை ஒப்பிடுவது அளவாற் பொருந்தாது. எனினும் உழைப்போர் கூட்டாகப் பேரம்பேச இயலாத நிலை இரண்டிற்கும் பொதுவானது. அதேவேளை, மாதச் சம்பளம் பல வீடுகளில் அடுப்பை எரித்தது என்பதை மறுப்பது நேர்மையன்று. வேலை தேவையா என்பதன்று எமது வினா. மிச்சப்படும் நேரம் எவருடையது என்பதே.

தையல் வரிசையில் ஒவ்வொரு செயலுக்கும் நிமிடப் பெறுமதி உண்டு. கை நீட்டும் தூரம் குறைந்தால் அந்நிமிடம் சுருங்கும்; இலக்கு உயரும். வேலைநாளின் இடைவெளிகளை மூலதனம் அடைப்பதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். ரெய்லரின் 1911ஆம் ஆண்டுக் கோட்பாடு, சிந்திக்கும் வேலையைத் தொழிலாளரிடமிருந்து பறித்து முகாமையாளரிடம் ஒப்படைத்தது. கைசென் மாறாக, இயந்திரத்தின் முன் அமர்ந்தவளுக்கு அறிவுண்டென ஏற்கின்றது. இது முன்னேற்றமே. ஆயின் அவள் கண்ட குறுக்குவழி மறுநாள் அவளது இலக்காகவே திரும்பி வருமாயின், அவள் தன் அறிவால் தன் ஓய்வையே குறைத்துக்கொள்கிறாள். அதனை நிர்ணயிக்கும் இடத்தில் அவளுக்குக் குரலில்லை.

கையிருப்பு விரயம் என்பதும் வன்னிக்கு அந்நியமான எண்ணம். காலபோக நெல்லைக் கொம்பறையிற் சேமிப்பதும், மாரி நீரை இரணைமடுவில் தேக்குவதும் நிச்சயமின்மைக்கு எதிராக இம்மக்கள் கட்டிய காப்பு. மெலிவு முறை நிச்சயமின்மையை ஒழிப்பதில்லை. அதன் சுமையை இடம் மாற்றுகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, மேற்குலக வாங்குவோர் கட்டளைகளை இரத்துச் செய்தபோது இது வெளிப்படையாயிற்று. வாங்குவோனிடம் தேக்கமில்லை, ஆலையிலும் தேக்கமில்லை; வேலை குறைந்த மாதங்களை வீட்டு நெல்லும் வளவுத் தோட்டமும் அடகுக்குச் சென்ற நகையுமே தாங்கவேண்டியிருந்தன. அவை எந்த ஆலையின் கணக்கேட்டிலும் கையிருப்பாகப் பதியப்படுவதில்லை.