வளையம் போட்ட சோழி

நாகலாபுரம் கரிசக்காட்டுப் பக்கம் தாயம் உருட்டுகிறவர்களுக்குச் சோழி வெறும் விளையாட்டுச் சாமான். ஒரு காலத்தில் அதுதான் ரொக்கம்!

ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மஞ்சளாக, ஓரம் புடைத்து, மூலை மூலையாக இருந்தால் பணச்சோழி. மாலத்தீவில் குவியல் குவியலாகக் கிடைத்தது. வழவழப்பான முதுகில் பொன்னிற வளையம் ஓடினால் வேறு இனம். 1758-லேயே லின்னேயஸ் இரண்டுக்கும் தனிப்பெயர் வைத்துவிட்டார்.

ஒரு வளையத்தில் என்ன வந்தது?

மாலத்தீவுச் சோழி ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்கா போய் அடிமைகளை வாங்கியது. மனுஷனுக்கு விலை, நத்தை ஓடு! பிறகு பாமாயில் வியாபாரம் சூடு பிடிக்க, 1845 வாக்கில் ஜெர்மன்காரர்கள் சான்சிபாரிலிருந்து மலிவான வளையச் சோழியைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். மதிப்பு மளமளவென்று சரிந்தது. சோழியாகச் சேர்த்து வைத்தவன் கையில் மிஞ்சியது ஓடுதான்.