10 வெற்றிதான்... ஆனாலும் நம்பர் ஒன்! பேஸ்பால் பிட்ச்சர்களை எடைபோடுவது எப்படி?

கிரிக்கெட்டில் ஒரு பௌலரை விக்கெட், எகானமி பார்த்து எடைபோட்டுவிடுவீர்கள். பேஸ்பால் பிட்ச்சரை? அமெரிக்காவின் நேஷனல் லீகில் 2018 சீசன் இதற்குச் சரியான பாடம்.

வாஷிங்டன் நேஷனல்ஸின் மேக்ஸ் ஷெர்சர்: 18 வெற்றி, 7 தோல்வி, 300 ஸ்ட்ரைக்-அவுட். நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம்: 10 வெற்றி, 9 தோல்வி, 269 ஸ்ட்ரைக்-அவுட். ஷெர்சர்தானே பெஸ்ட் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க!

வெற்றிக் கணக்கு

முதலில் களமிறங்கும் பிட்ச்சர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருந்து, அது கடைசிவரை கைநழுவாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி அவர் கணக்கில் சேரும். சொந்த அணி ரன் எடுக்கவில்லை என்றால், அவர் எவ்வளவு நன்றாக வீசினாலும் பயனில்லை. டிகிராமுக்கு நடந்தது அதுதான்.

ஈ.ஆர்.ஏ

ஃபீல்டிங் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி. குறைந்தால் நல்லது. ஷெர்சர் 2.53, டிகிராம் 1.70.

விப்

ஒரு இன்னிங்ஸில் ஹிட், வாக் மூலம் எத்தனை பேரை பேஸுக்கு விட்டார் என்ற கணக்கு. ஆச்சர்யம்... இருவருக்குமே 0.91! வீசிய இன்னிங்ஸும் ஏறக்குறைய சமம். அப்புறம் ஏன் ரன்னில் இவ்வளவு வித்தியாசம்? முக்கியக் காரணம் ஹோம் ரன். ஷெர்சர் 23 கொடுத்தார். டிகிராம் வெறும் 10.

சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதுக்கு ஓட்டுப் போட்ட 30 பத்திரிகையாளர்களில் 29 பேரின் முதல் தேர்வு டிகிராம்தான்!

காலத்தையும் பாருங்க

வேறு வேறு ஆண்டுகளை ஒப்பிடும்போது உஷார். 1968-ல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ 1.12; 2000-ல் பெட்ரோ மார்ட்டினஸுக்கு 1.74. கிப்சன்தான் மேல் என்று தோன்றும். ஆனால், 1968 பிட்ச்சர்களின் பொற்காலம். அவர்கள் ஆதிக்கம் தாங்காமல், அடுத்த ஆண்டே பிட்ச்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். பெட்ரோவோ, பேட்டர்கள் வெளுத்துக்கட்டிய காலத்தில் சாதித்தவர். அவருடைய லீகின் சராசரியே 5-ஐ நெருங்கியிருந்தது. அந்த வகையில் பெட்ரோவின் சீசன் ஒருபடி மேல்.

அடுத்த முறை பட்டியலைப் பார்க்கும்போது ஈ.ஆர்.ஏ, விப், ஹோம் ரன், வீசிய இன்னிங்ஸ் என்ற வரிசையில் பாருங்கள். வெற்றிக் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதில் பாதி, அணியின் கையில்!