கல்லில் ஏறாத காஞ்சி

காஞ்சிபுரத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1890-லேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றிவிட்டார். பல்லவர் கட்டடக்கலை பற்றிய அலெக்சாண்டர் ரீயின் நூல் 1909-ல் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர்கள் தங்கள் வம்ச வரலாற்றையே சிற்பமாகச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தறிக்குழியில் கால் வைத்த ஒரு குடும்பம் யாரிடம் பாவு வாங்கியது, சேலைக்கு என்ன கூலி பெற்றது, எந்த ஆண்டு கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தது என்று கேட்டால் பதில் எந்த நூலிலும் இல்லை. இருந்தால் பரணில் இருக்கும், பீரோவின் அடித்தட்டில் இருக்கும். காஞ்சியில் இன்று முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தக் காகிதங்களையும் அவற்றோடு கிடக்கும் புகைப்படங்களையும்தான் என்பேன்.

நெசவாளர்கள் பழைய ஆவணங்களில் இல்லாமலில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு, காஞ்சியின் ஊரகத்துப் பெருமாள் கோயில் நிர்வாகத்தில் இந்நகரின் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த நெசவாளர்களுக்கு இருந்த பொறுப்பைச் சொல்கிறது. அது 10ஆம் நூற்றாண்டு. விஜயநகரக் காலத்தில் மற்ற ஊர்க் கைக்கோளர்கள் என்ற நெசவாளர் சமூகத்தார் தண்டு, சங்கு ஆகிய மரியாதைச் சின்னங்களை வைத்துக்கொள்ளும் உரிமை கேட்டபோது, காஞ்சிக் கைக்கோளர்களுக்கு இருந்ததைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார்கள். கோயிலையும் அரசனையும் தொடும் இடத்தில் நெசவாளி கல்லிலும் செம்பிலும் ஏறியிருக்கிறான். அவன் வீட்டுக் கணக்கு ஏறவில்லை. காரணம் எளிது. கோயில் நிலமும் கட்டளையும் நிலைக்க வேண்டுமானால் சாசனம் நிலைக்க வேண்டும். தறிக்காரனின் கணக்கு நோட்டுக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரைதான் ஆயுள். கடன் அடைந்த மறுநாள் அது பழைய பேப்பர்க்காரனுக்குப் போய்விடும்.

அப்படிப் போகும் நோட்டில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். கொடுத்த பட்டு நூலின் எடை, ஜரிகையின் எடை, திரும்பி வந்த சேலையின் எடை, பிடித்த முன்பணம், கையில் கொடுத்த கூலி. பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்த தொழில் இது. அவற்றின் விலை ஏறியபோது இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதை அந்த எண்களைத் தவிர வேறு எதுவும் காட்டாது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய புட்டா மாதிரிகளும் அப்படியே. நூலால் கட்டிய அடை போய் ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டையும் வந்த மாற்றத்தை அவற்றில் தொட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் டிசைன் போடத் தொடங்கிய பிறகு அந்தத் தாள்களை யாரும் தேடுவதில்லை.

இதில் புகைப்படத்துக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடுவதால், நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளையின் கை, அல்லது மனைவியின் கை. கணக்கு நோட்டில் ஒரு பெயர்தான் எழுதப்படும். தறியில் இருவர் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய படம், நோட்டு மறைத்ததைச் சொல்லிவிடும். நோட்டும் படமும் சேர்ந்தால்தான் அந்தக் கூலி எத்தனை பேருடைய உழைப்புக்கு என்பது தெரியும்.

படங்களை மட்டும் செல்போனில் எடுத்து வைத்தால் போதாதா என்பார்கள். ஊரும் பெயரும் ஆண்டும் இல்லாத படம் என்ன ஆகும் என்பதற்குக் காஞ்சிச் சிலைகளிடமே பெரிய பாடம் உண்டு. 1920களின் நடுவில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் காஞ்சிப் பகுதியில் யோகினிச் சிற்பங்களைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ வழியாக அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று சிதறின. 2012-ல் கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல் ஒரு முழு நூலையே எழுதி அவற்றின் பயணத்தைத் தடம் பிடித்தார். அத்தனை அழகான சிலைகள் நல்ல நிலையில் காட்சிக்கு நிற்கின்றன. அவை நின்ற கோயில் எது என்பது மட்டும் தொலைந்துபோனது. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜரும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததில், அவை கோயிலில் இருந்தபோது எடுத்த படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எடுத்த இடம் குறிக்கப்பட்டிருந்ததால்தான் அந்தப் படங்கள் சாட்சியாயின.

நெசவாளியின் நோட்டோடு முதலாளியின் பேரேட்டையும் காப்பாற்றச் சொன்னால், அது முதலாளி சொன்ன உண்மைதானே என்பது கனமான கேள்வி. ஆமாம், ஒருதலைப் பட்சமானதுதான். உத்தம சோழன் செப்பேடும் அரச ஆணைதான், அதை யாரும் தூக்கி எறியவில்லை. பேரேட்டின் பக்கத்தில் 1971-ல் தொடங்கிய அறிஞர் அண்ணா சங்கம் போன்ற கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேட்டையும் நெசவாளியின் கைக் கணக்கையும் வைத்துப் படித்தால் சாய்வு தானாகத் தெரியும். இன்னொரு தயக்கமும் நியாயமானது: தாத்தா பட்ட கடனை ஊர் ஏன் பார்க்க வேண்டும்? பார்க்கத் தேவையில்லை. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும், படியை மட்டும் எடுக்கலாம். குடும்பம் சொல்லும் காலம்வரை பெயரை மறைத்தும் வைக்கலாம். கடன் அந்தக் குடும்பத்தின் குற்றமல்ல, அது அந்தத் தொழில் நடந்த முறை. அதை மறைத்துவிட்டுப் பட்டின் பளபளப்பை மட்டும் எழுதினால் வரலாறு விளம்பரமாகிவிடும்.

இவை செய்ய முடியாத வேலைகள் அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த அச்சுப் பொருள்கள்தான் 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் படியெடுத்திருக்கிறது. காஞ்சியில் நெசவாளர் சங்கங்கள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, மாவட்ட நூலகம் இருக்கிறது. ஒரு ஸ்கேனரும் விவரம் கேட்டு எழுத இரண்டு மாணவர்களும் இருந்தால் தெருத்தெருவாகத் தொடங்கிவிடலாம். அதற்குள் வாசகர்கள் ஒன்று செய்யுங்கள்: வீட்டில் உள்ள பழைய படத்தின் பின்புறம், அதில் இருப்பவர்களின் பெயர், தெரு, ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள். அவர்களை அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள்.